தெருப்புழுதி

காலை ஆறேகால் மணிக்கு எங்கள் கம்பெனியின் பின்பக்க முற்றத்தில் ஆள் எண்ணுவார்கள். ஹெட் கவுண்ட் என்போம். சிமெண்டுத் தரையில் பிரிவுக்கு ஒன்றாக மஞ்சள் கோடு இழுத்திருக்கும், அதன் மேல் வரிசையாக நிற்கணும். எங்கள் டிஸ்பாட்ச் பிரிவுக்குப் பட்டியல் படிக்கிறவர் சூப்பர்வைசர் தேவராஜன். பேரைப் படித்ததும் 'எஸ் சார்' என்று கையைத் தூக்கணும். எல்லார் பேரையும் கடகடவென்று படித்துக்கொண்டு வருகிறவர், என் பேர் வந்ததும் நிறுத்துவார். பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்துவார். "மண்ணாங்கட்டீ..." என்று இழுப்பார். பக்கத்து வரிசைக்காரர்கள்கூடத் திரும்புவார்கள். "...தெருப்புழுதி!" என்று முடிப்பார். முற்றம் மொத்தமும் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவேன்.

பதினாலு வருஷம் இப்படித்தான் என் பொழுது விடிந்தது.

மண்ணாங்கட்டி என்பது நிஜமாகவே என் பேர். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் மூன்று மாசம் தாண்டவில்லை. மூன்றாவதையும் எமன் பார்த்துவிடக் கூடாது, வேண்டாத பிள்ளை என்று விட்டுவிடணும் என்று என் அம்மா எனக்கு இந்தப் பேரை வைத்து மூக்கும் குத்திவிட்டாள். அந்தத் துளை இன்னும் தூர்ந்துபோகவில்லை. ஆதார், பிஎஃப், கேட் பாஸ் எல்லாவற்றிலும் இதுதான். உருப்படாத பேச்சு பேசுகிறவனைப் பார்த்து 'மண்ணாங்கட்டி தெருப்புழுதி' என்று ஜனங்கள் சொல்வார்களே, அதை எடுத்து என் பேரோடு ஒட்டவைத்தார் தேவராஜன். முதல் நாள் அவருக்குத் தானாக வாயில் வந்திருக்கும். எல்லாரும் சிரித்தார்கள், அதனால் மறுநாளும் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. இதை நான் யாருக்கும் பயந்து எழுதவில்லை. என் பெண்சாதி சந்திரம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் தேவைப்பட்டது. எங்கள் சொந்தத்தில் இரண்டு பேர் போனை அணைத்து வைத்துவிட்டார்கள். ஷிப்டு முடித்த கையோடு வந்து படுத்து ரத்தம் கொடுத்தவர் தேவராஜன். தினமும் வேலை முடிந்ததும் ஒரகடத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் வரைக்கும் என்னை அவர் வண்டியில்தான் ஏற்றிக்கொண்டு போவார். அங்கே அவர் வீடு. அங்கிருந்து பஸ் பிடித்து நான் பென்னலூர் காலனிக்குப் போவேன். என்னைவிட நாலு வயசு சின்னவர். நான் அவரை 'அண்ணே, நீங்க' என்பேன். அவர் என்னை 'மண்ணு, நீ' என்பார். அதில் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை, அல்லது தோன்றினதை நான் நின்று பார்த்ததில்லை.

என் மகள் மெர்சிக்கு எங்கள் கம்பெனியிலேயே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ட்ரெயினி வேலை கிடைத்ததும் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிட்டது. பாலிடெக்னிக் முடித்து ஏழு மாசம் வீட்டில் இருந்த பெண். மெயில் வந்த அன்றைக்குத் துள்ளினாள். சந்திரம்மாள் சர்ச்சுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

"எந்த ஷிப்டும்மா?" என்றேன்.

"ஏ ஷிப்டுதாம்பா. திங்கக்கெழம ஜாயினிங். உங்கூடவே வந்துடலாம்."

இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் முற்றத்தில் எங்களுக்கு அடுத்த கோட்டில் நிற்பார்கள். ஏழடி தூரம் இருக்கும். வீட்டில் நான் என்ன சொல்லி வைத்திருந்தேன் என்றால், 'சூப்பர்வைசருக்கு நான்னா உசுரு, என் பேரச் சொல்லாம அவருக்கு ஷிப்டே தொடங்காது' என்று. அது பொய்யும் இல்லை.

திங்கட்கிழமைக்குள் அதை நிறுத்தணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இத்தனை வருஷத்துக்கும் நியாயம் கேட்கிற எண்ணமெல்லாம் இல்லை. மெர்சி காதில் விழக் கூடாது.

வெள்ளிக்கிழமை டீக்கடையில் தனியாகச் சொல்லிவிடலாம் என்று போனேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளு மண்ணு. இன்னா, லீவா?"

"இல்லண்ணே. திங்கக்கெழம எம்பொண்ணு நம்ம கம்பெனில சேருது."

"யாரு, மெர்சியா? ஏய், சொல்லவே இல்ல! நம்ம வூட்டுப் பொண்ணுய்யா அது. எவனாவது வாலாட்டுனா எங்கிட்ட வரச் சொல்லு. மாஸ்டர், மண்ணுக்கு ஒரு பன் பட்டர் ஜாம் போடு. பொண்ணுக்கு வேல கெடச்சிருக்குது."

பன் என் கையில் வந்துவிட்டது. அவர் முகமெல்லாம் சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அவர் வண்டியிலேயே ஏறி வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஒரு கூட்டம் வைத்தார்கள். கம்பெனியின் பெரிய ஆபீஸிலிருந்து உத்தரவாம். வேலை செய்கிற இடத்தில் ஒருத்தரை ஒருத்தர் மரியாதையாக நடத்துவது பற்றி. லைனை ஒரு மணி நேரம் நிறுத்தி எங்களைக் கேண்டீனில் உட்காரவைத்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கலைமணி, "சமோசா கீதாம்டா, இன்னா பேசுனாலும் கைதட்டிடுங்க" என்றான். தென்றல் என்று ஒரு மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். சின்ன வயசு. திரையில் படம் போட்டுக் காட்டினார். ஊர், மொழி, நிறம், ஜாதி இதையெல்லாம் வைத்து விளையாட்டாகப் பேசுகிற பேச்சுகூட ஒருத்தருக்கு வலிக்கும் என்றார்.

"உங்களைக் கூப்பிடற விதம் ஏதாவது உங்களுக்குப் பிடிக்கலைன்னா இங்க சொல்லலாம். யாரையும் குத்தம் சொல்றதுக்காக இல்ல. தெரிஞ்சுக்கறதுக்காக."

"எம்பொண்டாட்டி என்ன 'தண்டம்'னு கூப்புடுது மேடம். அத்த வந்து கேளுங்க" என்றான் கலைமணி. எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நாளைக்கு ஞாயிறு, இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை என்கிற பயம்தான் தூக்கி நிறுத்தியது.

"மேடம், என் பேரு மண்ணாங்கட்டி. காலைல பேரு படிக்கசொல்ல அதோட தெருப்புழுதின்னு சேத்துப் படிக்கறாங்க. அத்த மட்டும் வுட்டுட்டா நல்லாருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தேன். தேவராஜன் முன்வரிசையிலிருந்து திரும்பினார். முதலில் சிரித்தபடிதான் திரும்பினார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் வாய் அப்படியே நின்றது.

"இன்னா மண்ணு, வெளயாடறியா?"

"இல்லண்ணே."

"பதினாலு வருஷமா நீயுந்தான சிரிச்ச?"

"சிரிச்சேண்ணே."

"அப்ப இப்ப இன்னா வந்துச்சி?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 'எம்பொண்ணு வருது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் இளகியிருப்பாரோ என்னவோ. அத்தனை பேர் மத்தியில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்குப் பதிலாக, நான் அறவே நினைத்துக்கூடப் பார்க்காதது என் வாயில் வந்தது.

"உங்க பெரியப்பாவுக்கும் இதே பேருதானண்ணே. அவருக்கும் முன்னாடி பொறந்தது தங்காமத்தான் வெச்சாங்கன்னு நீங்களே சொல்லிக்கீறீங்க. அவர வூட்ல எல்லாரும் கட்டிப் பெரியப்பான்னுதான கூப்புடறீங்க. யாராவது தெருப்புழுதின்னு சொல்லுவீங்களா?"

"அப்ப நான் ஜாதி பாக்கறேன்னு சொல்றியா?" என்றார் தேவராஜன்.

அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. அவர்தான் முதலில் சொன்னார். சொன்ன பிறகு அது நான் சொன்னதாகவே ஆகிவிட்டது.

"மேடம், கேட்டுக்குங்க. இவன் தட்டுல நான் கைய வுட்டுத் தின்னுருக்கறேன். இவன் பொண்டாட்டி ஒடம்புல ஓடறது என் ரத்தம். ஊர்ல எத்தினி பேரு எத்தினி பேச்சு பேசனாங்கோ, இவன வண்டில ஏத்திகினு போறன்னு. நான் காதுல வாங்குனனா? நானா ஜாதி பாக்கறவன்? யாரு பாக்கறாங்கோ இப்ப? பதினாலு வருஷம் மனசுல வெச்சிகினு இருந்தது யாரு?"

"சார், அவர் உங்களைக் கெட்டவர்னு சொல்லல..." என்று மேடம் தொடங்கினார்.

"வேற இன்னா மேடம் சொல்றான்?"

கலைமணி என் பக்கம் குனிந்து, "இன்னா மண்ணு, நல்லது பண்ண மனுசனப் போயி இப்டி அசிங்கப்படுத்திட்டியே. உக்காருய்யா" என்றான். பின்னாலிருந்து யாரோ, "ஒரு ஜோக்குகூட அடிக்கக் கூடாதாப்பா இனிமே" என்றார்கள். தேவராஜனுக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே நான் ஏதோ திருடிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. "மன்னிச்சிக்குங்கண்ணே" என்று சொல்லி உட்கார்ந்தேன். கேட்டவனே மன்னிப்பும் கேட்டாயிற்று.

அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. அது லக்கன்.

லக்கன் ஜார்க்கண்ட்காரன். எங்கள் பிரிவில் லோடு ஏற்றுகிறவன். நாலு வருஷமாக எங்கள் காலனியில்தான் ரூம். ஐம்பத்துமூணு வயசு, என்னைவிட இரண்டு வயசு கூட. வந்த புதிதில் பெரிய பையோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தான். பேர் கேட்டதற்கு லக்கன் என்றான். 'லக்கனா, லக்கேஜா?' என்று ஒருத்தர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கிருந்து அவன் லக்கேஜ். 'லக்கேஜ் வந்துச்சா', 'லக்கேஜ ஏத்துடா', 'லக்கேஜுக்கு டிக்கெட்டு போட்டாச்சா.' அவனும் சிரிப்பான்.

"மேடம், என் பேரு லக்கன்" என்றான். "லட்சுமணன் சாமி, அந்தப் பேரு. இங்க எல்லாம் லக்கேஜ் சொல்லுது. ஊர்ல பொண்டாட்டி வீடியோ கால் பேசுது, அப்ப பின்னாடி லக்கேஜ் லக்கேஜ் கூப்புடுது. அது கேக்குது, உன்ன சாமான்னு சொல்றாங்களா?" நிறுத்தி, என்னைப் பார்த்தான். நான் பேசியது அவனுக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். "மண்ணு அண்ணாதான் இந்தப் பேரு வெச்சுது. அண்ணாக்கு இப்ப தெரியும்."

கேட்டில் 'லக்கேஜா' என்று கேட்ட அந்த ஒருத்தன் நான்தான்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தேவராஜனும் பார்த்தார். அவருக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது பார்வையிலேயே தெரிந்தது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"டேய், நீ காய்ச்சல்ல கெடந்தியே, கஞ்சி குடுத்தது யாருடா?" என்றேன். "காலனில யாரும் இந்திக்காரனுக்கு ரூம் குடுக்க மாட்டேன்னாங்கோ. பேசி வாங்கிக் குடுத்தது யாரு? நானா உன்ன எளக்காரமா பாக்கறேன்? ஆசையா வெச்ச பேருடா அது. புடிக்கலன்னா அன்னிக்கே சொல்றதுதான?"

"அண்ணா, நான் சண்ட இல்ல..."

"பின்ன இன்னாத்துக்கு இத்தினி பேரு முன்னாடி சொல்ற?"

லக்கன் கையை இறக்கிக்கொண்டான். "சாரி அண்ணா" என்றான்.

என்னால் அப்போது ஒன்றும் பார்க்க முடியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் பேசியது எனக்கு என் நியாயமாகவே கேட்டது. அவன் நன்றி கெட்டவன் என்றுதான் தோன்றியது. மேடம் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரையும் நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். சமோசா ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் வண்டி நிறுத்துகிற இடத்தில் தேவராஜன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இனிமே சொல்ல மாட்டேன். போதுமா?" என்றார்.

"அண்ணே, அது எதுக்குன்னா..."

"வேணா மண்ணு. வேணா. ஒன் பேரே மண்ணுன்னு சொல்லலாமோ கூடாதோ, அதுவும் தெரில எனக்கு. நாளிக்கி நான் குடுத்த ரத்தமும் தப்புன்னுவ."

வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் மெயின் ரோடு வரைக்கும் நடந்தேன். பஸ் ஸ்டாப்பில் லக்கன் நின்றிருந்தான். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கி, ஒரே தெருவுக்குள் நடந்தோம். ஒரு வார்த்தை பேசலாம் என்றால், என்ன சொல்லிக் கூப்பிடுவது? அவன் சரியான பேரை நாலு வருஷத்தில் ஒருதரம்கூட நான் கூப்பிட்டதில்லை. அது வாயில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெர்சி புது ஷூவைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். உள்ளே போனதும் அடுத்த கோட்டில் மற்ற பெண்களோடு போய் நின்றாள். நீல யூனிஃபார்ம் கோட் அவளுக்கு நன்றாக இருந்தது. தேவராஜன் பட்டியலோடு வந்தார். படித்துக்கொண்டே வந்தார். என் பேர் வந்தது. அவர் நிறுத்தவில்லை. தலையைத் தூக்கவில்லை. மற்றப் பேர்களைப் படிப்பது மாதிரியே, "மண்ணாங்கட்டி" என்று படித்தார்.

வாக்குத் தவறாத மனிதர். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கையைத் தூக்கி, எஸ் சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெருப்புழுதீ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரென்று தெரியாது. பதினாலு வருஷப் பழக்கம், பாதியில் நிற்கவில்லை. அவன் முடித்ததும் இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அப்புறம் எந்நாளும் இல்லாத சிரிப்பு. சனிக்கிழமை நடந்தது தெரிந்த சிரிப்பு அது.

தேவராஜன் இரண்டு கையையும் விரித்தார். ஒரு கையில் பட்டியல், ஒரு கையில் பேனா. "பாத்துக்கோ. நான் சொல்லல" என்றார்.

நான் மெர்சியைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு அவள் காதில் என்னமோ கேட்டாள். மெர்சி அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தெரியாது என்பதுபோலத் தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பட்டியலில் "எம். மெர்சி" என்று படித்தார்கள். "எஸ் மேம்" என்றாள். அந்த 'எம்' என்னவென்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கி நடக்கும்போதுதான் பேசினாள்.

"லக்கேஜுன்னு ஒருத்தர் கீறாராமே, பீகாரு."

"பீகாரு இல்லம்மா, ஜார்க்கண்டு."

"அந்தப் பேரு வெச்சது நீயாமே. லன்ச்சுல சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. செம பொருத்தமா வெச்சிக்கறாருன்னு."

"அது சும்மா வெளயாட்டுக்குமா. அவனே சிரிப்பான்."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திரும்பி நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்தேன்.

"வெச்சது நான்தான்னு சொன்னாங்களே, அப்ப நீ எம்பொண்ணுன்னு சொன்னியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யாரும் கேக்கலப்பா" என்றாள்.

அடுத்த வாரம் ஹெச்ஆரில் எழுதிக் கொடுத்து பி ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். அம்மாவிடம், காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று காரணம் சொன்னாளாம். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருக்கிறவள் அவள்தான்.

லக்கன் அந்த மாசம் முடிந்ததும் வேறு கான்ட்ராக்டரிடம் போய்விட்டான். ரூமையும் காலி செய்தான். போகிற அன்றைக்கு என் வீட்டைத் தாண்டித்தான் பையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் உள்ளேதான் இருந்தேன். எழுந்து வரவில்லை.

தேவராஜன் இப்போது என் பேரைப் படிப்பதே இல்லை. எனக்கு முன்னால் நிற்கிறவன் பேர் முடிந்ததும் பேனாவை என் பக்கம் நீட்டுகிறார். நான் கையைத் தூக்குகிறேன். டிக் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுகிறார்.